ஃபிரிட்ஜில் தூங்கிய பேட்டரி

என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் 'பத்திரம்'. எதைக் கண்டாலும் அந்த மனிதர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். கடையில் சோபாவுக்குப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கழற்றவில்லை. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தோல் அதோடு போய்விடும்.

ஆபீசில் கழித்துப்போட்ட லேப்டாப் ஒன்றைத் தூக்கிவந்தார். அதற்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டார். போட்டார் என்றா சொன்னேன்? போட்டால் தேய்ந்துவிடுமாம்! சார்ஜைப் பொட்டு மிச்சமில்லாமல் இறக்கி, துணியில் சுற்றி, பையில் கட்டி, ஃபிரிட்ஜில் கேரட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். லேப்டாப் சுவர் கரண்டில் ஓடியது. ஒயர் கொஞ்சம் ஆடினாலும் பொசுக்கென்று அணைந்துவிடும்.

"அத்தான், காலியா வச்சா செத்துடும். பாதி சார்ஜ் ஏத்தி வைங்க, அப்பப்ப எடுத்துப் பாருங்கன்னு கடைக்காரர் சொன்னாருல்ல?"

"உனக்கென்ன தெரியும்? வயிறு காலியா இருந்தாத்தான் அது நிம்மதியா தூங்கும்."

பெரிய விஞ்ஞானி! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்கா கணக்குப் படித்தவள். "நீ எதுக்கு வெளிய அலையணும், வீட்ல பத்திரமா இரு" என்று கல்யாணமானதும் இவர் உட்காரவைத்ததுதான். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, வீட்டிலிருந்தே பார்க்கும் கணக்கு வேலை ஒன்றுக்கு இவருக்குத் தெரியாமலே விண்ணப்பம் போட்டாள். வீடியோவில் நேர்காணல் என்று பதில் வந்தது. லேப்டாப் வேண்டுமே என்று அப்போதுதான் இவரிடம் சொன்னாள்; வீட்டுக்குள் இருந்தே பார்க்கும் வேலைதானே என்று தலையாட்டிவிட்டார். கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பழகினாள், பாவம்.

அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். அக்கா நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டவர் சிரித்துத் தலையாட்டியபோது கரண்ட் போனது. திரை கறுத்தது.

"பதறாதே! நம்மகிட்ட புது பேட்டரி இருக்கு!"

அத்தானின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாண மாப்பிள்ளைகூட அப்படிப் பூரித்திருக்கமாட்டார். ஃபிரிட்ஜைத் திறந்தார். முடிச்சு மேல் முடிச்சு. நான் கத்தரிக்கோலோடு ஓடினால், "பையக் கிழிச்சிடாதே!" என்கிறார். ஒருவழியாக அவிழ்த்து, சட்டையில் துடைத்து, செருகி, பொத்தானை அமுக்கினார். ம்ஹூம். திரும்ப அமுக்கினார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

என் போனிலிருந்து அந்த ஆபீசைக் கூப்பிட்டேன். "அடுத்தவங்க பேசிட்டிருக்காங்க. உங்க நேரம் முடிஞ்சுதுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அத்தான் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்ல பாரேன். புத்தம் புதுசு."

அக்கா நிமிர்ந்தாள். அவரிடம் குரல் உயர்த்திப் பேசி அறியாதவள். அன்றும் உயர்த்தவில்லை.

"நானும் ஒரு கீறல் இல்லாமத்தான் இருக்கேன். நீங்க பத்திரமா வச்சதுல எதுங்க உயிரோட இருக்கு?"

சர்டிபிகேட் இருந்த பையை எடுத்துக்கொண்டாள். "ஆபீஸ் ஆபீசா ஏறி இறங்கி வேலை கேக்கப்போறேன். சாப்பாடு நீங்களே போட்டுக்குங்க."

அத்தான் பேட்டரியை மறுபடி துணியில் சுற்ற ஆரம்பித்திருந்தார். நான் என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அக்கா பின்னால் போனேன்.