நீலம் தேய்ந்த பென்சில்

கண்ணுங்களா, என் தகரப்பெட்டியில் கிடக்கிற பென்சில் துண்டை ஏன் உங்களிடம் தருவதில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிவப்பு பாதி இருக்க, நீலம் மட்டும் எப்படித் தீர்ந்தது என்று சின்னவள் கேட்டாள். வாயால் சொன்னால் எனக்குக் கோவையாக வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், கொல்லிமலைக் காடுகளைப் பார்த்துவந்த ரேஞ்சரிடம் நான் குமாஸ்தா. ரேஞ்சர் பட்டணத்துக்காரர், கை சுத்தமானவர். விசாரணையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். பதில் மாறினால் ஆள் பொய்யன். மாறிய பதிலுக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவது என் வேலை. பட்டணத்தில் அந்த முறை தப்பியதே இல்லை என்பார். நானும் நம்பித்தான் கோடு போட்டேன்.

மலையில் பல சிற்றூர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். ஒரு கோடையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் அரசாங்கக் காடு எரிந்தது. ஓரத்தில் நிலம் வைத்திருந்த விவசாயி ஒருவரைச் செம்மேட்டு முகாமுக்குப் பிடித்து வந்தார்கள். தீப்பிடித்த அன்று எங்கே இருந்தாய் என்று ரேஞ்சர் கேட்டார்.

“ஆலத்தூர் நாட்டுல மாமனார் ஊட்டுக்குக் கூரை வேயப் போயிருந்தேனுங்க.”

மறுபடி கேட்டார். அவர் ரேஞ்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்காட்டுலதான் இருந்தேனுங்க” என்று தன் நிலத்தைச் சொன்னார். மூன்றாம் தடவை, “சாமி எங்க சொல்றீங்களோ அங்கதானுங்க” என்று கும்பிட்டார். இரண்டு சிவப்புக் கோடுகள் போட்டேன். நாளை மறுநாள் கீழே ஜெயிலுக்கு என்று முடிவாயிற்று. முதல் மழைக்கு விதைக்க ஆளில்லாவிட்டால் அந்த வருஷம் அவர் வீட்டில் சாமைச் சோறு கிடையாது.

மறுநாள் எரிந்த இடத்தை அளந்துவிட்டு முகாமுக்குத் திரும்பினேன். புருஷனுக்குத் தூக்குச்சட்டியில் களி எடுத்துக்கொண்டு அவருடைய சம்சாரமும் கூட நடந்தது. வெயிலில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்னும் எவ்வளவு தூரம் என்றேன். “மூணு மேடுங்க.” கொஞ்சம் தள்ளி, ஒரு மேடுகூட ஏறி முடிக்காமல், மறுபடி கேட்டேன். “ரெண்டு மேடுங்க.” மூச்சு வாங்க மூன்றாவது தடவை கேட்டபோது, “இந்தா, வந்திருச்சுங்க சாமி” என்றது. கடைசியில், முதலில் சொன்னபடி முழுசாக மூன்று மேடும் ஏறித்தான் முகாம் வந்தது.

“ஏம்மா, பொய்யா சொன்னே?”

“பொய்யில்லீங்க. மொதல்ல சொன்னது உங்களுக்கு ஆகலைன்னுதான மறுக்கா கேட்டீங்க? கேக்கறவங்க மொகம் வாட உடலாமுங்களா? மேட்டை என்னால கொறைக்க முடியாது, சொல்றதையாச்சும் கொறைச்சுச் சொன்னேன்.” சிரித்தது. பிறகு தூக்கை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, சிரிக்காமல் நடந்தது.

நான் பாதையிலேயே நின்றுவிட்டேன். முந்தின நாள் விசாரணையில் அந்த விவசாயி ரேஞ்சரின் முகத்தைப் பார்த்தது கண்ணில் வந்து நின்றது.

மலைக்காரர் முதலில் சொல்வதுதான் நிஜம், மறுபடி கேட்டால் நம் முகம் வாடக் கூடாதென்று மாற்றிச் சொல்கிறார்கள் என்று ரேஞ்சரிடம் சொன்னேன். “என்னய்யா, கோடு போடச் சொன்னா தீர்ப்பே எழுதுறீரே?” என்றார். “ஆலத்தூர் நாட்டுக்குப் போயி ஒரே ஒரு தடவை கேட்டுட்டு வாரேனுங்க. பொய்யின்னா என் வேலையையும் எடுத்துக்குங்க” என்றேன். அவர் ஜெயிலுக்கு அனுப்பும் தாளை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார். “நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வரணும்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். மாமனார் வீட்டுக் கூரை புதுப்புல்லில் மஞ்சளாக நின்றது. வழக்கைப் பற்றி வாய் திறக்காமல், யார் வேய்ந்தது, எப்போது என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன். “மருமகன்தானுங்க. அங்க காடு எரிஞ்ச அன்னிக்கு. பொகையை இந்தக் கூரை மேலிருந்துதான் பாத்தாரு” என்றார் கிழவர். நான் திரும்ப ஓட்டமும் நடையுமாக வந்தேன். ரேஞ்சர் என்னிடம் ஒரு தடவை கேட்டார், இரண்டாம் தடவை கேட்காமல் அந்த ஆளை விடச் சொன்னார். சாயங்காலம் புருஷனும் சம்சாரமும் ஒன்றாக மேடேறிப் போனார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய கடனும் அவர்களுக்கு இல்லை.

இப்போதும் உங்களிடம் ஒன்றை இரண்டாம் தடவை கேட்க வாயெடுத்தால் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.

அவர்கள் போன பிறகு முகாமில் தனியாக உட்கார்ந்து பழைய விசாரணைத் தாள்களின் கட்டை அவிழ்த்தேன். பென்சிலைத் திருப்பிப் பிடித்தேன். மலைக்காரர் சொல் இருந்த ஒவ்வொரு தாளிலும் முதல் பதிலுக்குக் கீழே நீலக் கோடு இழுத்து, ஓரத்தில் ‘மறு விசாரணை’ என்று எழுதி, ரேஞ்சர் மேஜையில் அடுக்கினேன். கடைசித் தாளுக்கு வரும்போது நீலம் தீர்ந்து வெறும் மரம்தான் கீறியது. அழுத்திக் கீறினேன்.