தங்கச் சுறாவுக்குச் சீட்டுக் கட்டியவர்கள்

ஒரு மீன் சாவதற்கு எத்தனை குண்டு வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? சரியான பதில் தெரிந்தால் நீங்கள் என் அத்தானைவிடக் கெட்டிக்காரர்.

அத்தான் என்றால் பெரியம்மாவின் மகளைக் கட்டியவர். அக்கா ஊரில், கொக்குவிலில்; அத்தான் இங்கே, லா கூர்னெவில் எங்கள் வீட்டு ஹோல் சோபாவில். அக்காவை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் அத்தான் பெயரில் தனி வீடு காட்ட வேண்டும். பொண்டியில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார். அதன் முற்பணத்துக்காக இரண்டு வருடம் குசினியில் சட்டி கழுவிச் சேர்த்த காசு மீனுக்குப் போனது. எப்படி என்று சொல்கிறேன்.

கொரோனா முடிந்து ரெஸ்டோரன்ட்கள் திறந்த வருடம். அத்தான் வேலை செய்த இடம் ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இரவுச் சாப்பாடு வரை மூன்று மணி நேரம் இடைவெளி, பிரெஞ்சில் கூப்பியூர் என்பார்கள். வீட்டுக்குப் போய் வரக் காணாது, சும்மா இருக்க அதிகம். வெறும் மேசையைச் சுற்றி அத்தானோடு நான்கு பேர், நான்கு ஃபோன். யூனிவர்சிட்டி முடிந்து வரும் வழியில் நானும் ஓசி ரோல்ஸுக்காக அங்கே எட்டிப்பார்ப்பேன்.

ஃபோனுக்குள் ஒரு கடல். ஓரங்களில் ஆளுக்கொரு பீரங்கி. விடுகிற ஒவ்வொரு குண்டுக்கும் காசு. சின்ன மீன் செத்தால் குண்டு விலையின் இரண்டு மடங்கு; தங்கச் சுறா செத்தால் நூறு மடங்கு. யாருடைய குண்டில் சாகிறதோ, அவருக்கே முழுதும். இந்த விளையாட்டு ஆப் ஸ்டோரில் கிடைக்காது. ஒரு ஏஜென்ட் லிங்க் அனுப்புவான்; குண்டுக்கான புள்ளிகளும் அவனிடமே வாங்க வேண்டும், வென்றாலும் அவனிடமே காசாக மாற்ற வேண்டும். இந்த இடத்திலேயே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

எங்கள் ஆட்களோ அதை முறை வைத்து எடுக்கிற சீட்டாக்கிவிட்டார்கள். நாலு பேரும் ஒரே சுறாவைச் சுடுவது. மூன்று பேர் சின்னக் குண்டால் அதைக் களைக்க வைக்க, முறைக்காரர் பெரிய குண்டால் முடிப்பது. தவறி வேறு ஆளின் குண்டில் செத்தாலும் காசு முறைக்காரருக்கு. நாலு பேரும் ஒரு தரம் எடுத்தால் சுற்று முடிந்தது. முதல் முறை அத்தானுக்கு. முதல் கிழமையிலேயே சுறா விழுந்தது. அவ்வளவு சுலபமாக ஏன் விழ வேண்டும் என்று நான் ஒருவன்தான் யோசித்தேன் போலிருக்கிறது. மற்றவர்கள் பால் விடாத பிளேன்டியோடு கொண்டாடினார்கள்.

அடுத்த முறை தலைமைச் சமையல்காரருடையது. ஒரு மாதமாக விழவில்லை. சுறா சிவக்கும், துடிக்கும், திரையின் ஓரத்தால் நீந்திப் போய்விடும்.

"டேய், உன்ரை பீரங்கி ஏன் சத்தம் போடேல்லை?" என்று சமையல்காரர் பக்கத்திலிருந்த வெயிட்டரைப் பிடித்தார்.

"சுட்டுக்கொண்டுதானே இருக்கிறன் அண்ணை."

"சுடுறியோ, ரோல்ஸ் தின்னுறியோ? ஒரு கையாலை ரெண்டும் ஏலாது."

"நீங்கள் பெரிய குண்டை விடப் பயந்து சாகிறியள். பழி எனக்கோ?"

அத்தான் தலை நிமிராமல் சுட்டுக்கொண்டே இருந்தார். எடுத்தவர் அல்லவா.

நானும் வெயிட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு ஏஜென்டை. கடைசியில்தான் சுறாவையே சந்தேகப்பட்டேன். அதில் இலவசமாகப் பழகிப் பார்க்க ஒரு அறை இருந்தது. என் ஃபோனும் தங்கச்சியின் ஃபோனுமாக அதற்குள் போனேன். ஒரு ஃபோனால் சுறாவைச் சிவக்கச் சிவக்கச் சுட்டுவிட்டு, மற்றதால் எண்ணிக்கொண்டு சுட்டேன். பிறகு குண்டே படாத புதுச் சுறாவை அதேபோல. இரண்டு வார இறுதிகள் இதிலேயே போயின. நொந்துபோன சுறாவும் புதுச் சுறாவும் ஒரே மாதிரித்தான் செத்தன.

விஷயம் இவ்வளவுதான். மீனுக்கு உயிரும் இல்லை, களைப்பும் இல்லை. ஒவ்வொரு குண்டும் படுகிற நொடியில் உள்ளே ஒரு குலுக்கல் நடக்கிறது. முன்னால் பட்ட குண்டு எதுவும் கணக்கில் இல்லை. நூறு மடங்கு தருகிற சுறா சராசரியாக நூறுக்குக் கொஞ்சம் கூடுதலான குண்டுக்கே சாகும். அந்தக் கொஞ்சம்தான் விளையாட்டை நடத்துகிறவனின் வருமானம். பெரிய பீரங்கி கொல்வதில் கெட்டிக்காரன் இல்லை, விலைதான் கூட. சிவப்பதும் துடிப்பதும் சும்மா படம். இதுகூட விளையாட்டு நேர்மையாக நடந்தால் மட்டும். காசு கட்டி ஆடும் அறையிலும் இதே குலுக்கல்தானா என்று பார்க்க யாருக்கு வழி இருக்கிறது?

லா ஷப்பெல் மெட்ரோவுக்குக் கீழே, சிகரெட் விற்பவர்களுக்கு நடுவில் வைத்து, அத்தானிடம் இந்தக் கணக்கெல்லாம் எழுதிய பேப்பரை நீட்டினேன். கடைசி வரி வரை பார்த்தார். நம்பவில்லை என்று சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு உது போன மாசமே விளங்கிட்டுது," என்றார்.

"அப்ப ஏன் அத்தான் சுடுறியள்?"

"நான் எடுத்தனான் மச்சான். எடுத்தவன் நடுவிலை எழும்பினா என்னெண்டு சொல்லுவாங்கள்?"

"உது சீட்டில்லை. அங்கை எடுக்கக் காசே இல்லை."

"உனக்கு விளங்குது. அவங்களுக்கு? நாளைக்கு இந்தத் தெருவிலை என்ரை முகத்தைப் பாக்கிறவன் கள்ளன் எண்டெல்லோ சொல்லுவான்."

"வென்றதைப் பிரிச்சுக் குடுத்திட்டு எழும்புங்கோ."

"அதெல்லாம் எப்பவோ அதுக்குள்ளையே போட்டுதடா."

அப்போதுதான் எனக்கு முழுக் கணக்கும் விளங்கியது. மற்ற மூன்று பேருக்கும் முறை வரும் வரை, சாகாத சுறாவைச் சுடுவதற்கு இந்த மனிதர் பொண்டிக் காசைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"எவ்வளவு மிச்சம்?"

"அக்காட்டைச் சொன்னியோ?" என்று திருப்பிக் கேட்டார். சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அதன் பிறகு வீட்டில் நான் ஃபோனை எடுத்தாலே சோபாவிலிருந்து தலை திரும்பும்.

சமையல்காரரிடம் நானே போய்ப் பேப்பரைக் காட்டினேன். "உன்ரை அத்தான் அனுப்பினவரோ?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டார்.

பொண்டி வீட்டுக்காரி முற்பணத்துக்கு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை கூப்பியூரிலும் அத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். முறை இன்னும் சமையல்காரருடையதுதான்.

அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.