கொட்டகைப் படமும் என் விமர்சனமும்

காரிமங்கலம் டீக்கடைப் பலகையைப் படிக்கும் சகலருக்கும் இதனால் அறிவிப்பது: கொட்டகைப் படத்துக்கு நேற்று இங்கே நான் எழுதிய விமர்சனத்தை இன்று ஒருவர் நம்பிவிட்டார்.

தையல்கடை பாய்தான். “தம்பி, வூட்டுல கோவமா இருக்காங்க. சிரிப்புப் படம்னா கூட்டிட்டுப் போய்ச் சமாதானம் பண்ணிருவேன்” என்றார்.

“என் கண்ணால பாத்து எழுதினதுங்க பாய். வயிறு வலிக்கச் சிரிப்பாங்க, தைரியமா போங்க!”

முதல் ஆட்டம் விட்டதும் பாயின் மனைவி முக்காட்டில் கண்ணைத் துடைத்தபடி விறுவிறுவென்று முன்னால் போனார். பாய் என் சட்டையைப் பிடித்தார்.

“கடைசியில கதாநாயகன் செத்துட்டானேடா! முன்னாடி ஒரு கோவம், இப்ப ரெண்டு!”

“நான் பாத்தப்ப நல்லாத்தானே இருந்தாருங்க?”

பொய்யில்லை. கொட்டகையைச் சுற்றிய படுதாவுக்கு அடியில் நுழைந்து பார்த்த என்னை இடைவேளையில் வெளியே தள்ளிவிட்டார்கள். பாதிப் படத்துக்கு முழு விமர்சனம் எழுதிவிட்டேன்.

டிக்கெட் வாங்கியவர்கள் மீதியைக் கீழே எழுதவும்.