என் தொடையும் ஆடிக்காற்றும்

நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு வீரத்தொடை முளைத்தது. ஒன்று இல்லை, இரண்டு. திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு சைக்கிளில் போன ஆகஸ்டு மாதத்தில் முளைத்தது. இரண்டே நாளில் உதிர்ந்தும் போயிற்று.

ஊரில் பாதிப் பேர் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள். எங்கள் வீட்டில் நடப்பதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது. சுதந்திர தினமும் மாதா விண்ணேற்பு விழாவும் ஒரே நாளில் வரும், கூடவே சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டது. நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், மூன்று பேரும் மூன்று சைக்கிளில் கிளம்பினோம். என்னுடையது தொப்பையைக் குறைக்க வாங்கியது. அதுவரை அதன் மேல் துண்டு காயப்போட்டுத்தான் வழக்கம். மகளின் சைக்கிள் அவளுக்குச் சின்னதாகிவிட்டதால், கீழ்வீட்டுப் பெண்ணின் கியர் சைக்கிளைக் கேட்டு வாங்கினாள்.

அந்தக் கீழ்வீட்டுப் பெண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாம்பழச்சாலையில் எங்கள் அடுக்கு வீட்டில் எங்களுக்கு நேர் கீழே அவர்கள் வீடு. ஸ்ரீரங்கத்துக்காரர்கள். அந்தப் பெண்ணும் என் மகளும் யூ.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சு. "நானும் உங்களோட வரேன்"னு அவள் கேட்டிருக்கிறாள். என் மகள் சிரித்துவிட்டு, "உன்னாலயா? நீ காவேரிப் பாலத்தையே தாண்ட மாட்ட"ன்னு சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் சைக்கிளை மட்டும் கொண்டுவந்து எங்கள் வாசலில் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள். சாவி ஹாண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

போன கதை சுகமான கதை. தஞ்சாவூர் ரோட்டில் சைக்கிள் தானாக ஓடியது. மிதிக்கிறேனா, உட்கார்ந்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். லாரிக்காரர்களுக்குக் கை காட்டினேன். பாட்டுப் பாடினேன். மனைவி பின்னாலிருந்து, "காத்து நல்லா தள்ளுதுங்க" என்றாள். "காத்தா? தொடையைப் பாரு!" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வீட்டில் அதை இன்னமும் யாரும் மறக்கவில்லை.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும்போது, தெரிந்தவர் ஒருவர் வேனில் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டார். திருச்சிக்குப் போகிற வேன். எங்கள் வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார் அந்த நல்ல மனிதர். நான்தான் தஞ்சாவூரில் நிறுத்தச் சொன்னேன். சைக்கிளில் போன மனுஷன் வேனில் திரும்பினால் ஊர் என்ன சொல்லும்? ஊருக்கு நான் போனதே தெரியாது என்பது வேறு விஷயம். "ராத்திரி இங்க தங்கிட்டு, காலையில ஜம்முனு சைக்கிள்லயே ஊருக்குள்ள நுழையுறோம்" என்றேன். மனைவி வேனின் பின்விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் மகள் போனை நீட்டினாள். கீழ்வீட்டுப் பெண் அனுப்பிய செய்தி. அப்பாவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது. சாமான் லாரி இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. பின்னாலேயே காரில் அவர்களும். கடைசியில் இப்படி: 'சைக்கிள் லாரில ஏறணும். நீயே கொண்டு வந்து என் கையில குடு. யார்கிட்டயும் குடுத்தனுப்பாத. நீ வந்தா பேசறேன். வரலன்னா இனிமே பேச வேண்டாம்.'

மகள் உடனே கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பதினாலு வயதுப் பெண்கள் தீர்ப்புச் சொன்னால் அதற்கு மேல் கோர்ட்டே கிடையாது.

"ஒரு வண்டி பிடிச்சு ஏத்திடலாம்ங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? இப்பக் கிளம்பினா மத்தியானச் சாப்பாடு வீட்டுல. அஞ்சு மணிக்கு நான் தூங்கி எழுந்திருச்சிருப்பேன்."

"அப்பா, நிச்சயமா போயிடலாமா?" என்று மகள் கேட்டாள். அவள் என்னிடம் எதையும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதே இல்லை.

நான் தொடையைத் தட்டிக் காட்டினேன்.

தஞ்சாவூர் எல்லை தாண்டி வெட்டவெளி வந்ததும் ஆடிக்காற்று எங்களை நேருக்கு நேர் சந்தித்தது. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது இதே காற்றுதான். இப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. வல்லத்துக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம் உண்டு. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றது. கண்ணில் மண். வாயைத் திறந்தால் வாயில் மண். அதனால் நான் பேசவில்லை. அன்றைய நாளில் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

செங்கிப்பட்டி வருவதற்குள் மகள் ஒரு கண்டுபிடிப்பு செய்தாள். என் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை.

"அம்மா, இங்க வாங்கம்மா. அப்பாவுக்குப் பின்னாடி ஃபேன் ஆஃப் பண்ணின மாதிரி இருக்கு!"

மனைவியும் வந்து ஒட்டிக்கொண்டாள். அன்று எனக்குக் கிடைத்த உத்தியோகம் சுவர். வாழ்நாள் முழுக்கக் கேலி செய்யப்பட்ட என் அகலத்துக்கு முதல் முறையாக ஒரு பயன். ஆனால் சுவரிடம் யாரும் அன்பாகப் பேசுவதில்லை.

"அப்பா, விலகாதீங்க, காத்து வருது."

"தண்ணி குடிச்சுக்கிறேன்மா."

"மிதிச்சுகிட்டே குடிங்க."

"கொஞ்சம் குனியாம ஓட்டுங்க" என்றாள் மனைவி. "குனிஞ்சா எனக்கு மேலால அடிக்குது."

காற்றைக் கிழிக்க சைக்கிள்காரன் குனிவான். நான் நிமிர்ந்து, தோளை விரித்து, கடைக்கு வெளியே நிறுத்திவைத்த விளம்பரப் பலகை மாதிரி ஓட்டினேன். ஒரு ஆட்டு மந்தை எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. பிறகு முந்திப் போயிற்று. மத்தியானச் சாப்பாடு வீட்டில் என்று சொன்னேனே, அது துவாக்குடிக்கு முன்னால் ஒரு புளிய மரத்தடியில் பிஸ்கட்டாக முடிந்தது. மகள் சாப்பிடவில்லை. போனில் மணி பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மணி பார்த்தாள்.

துவாக்குடி டோல்கேட் தாண்டினதும் வீரத்தொடைகள் இரண்டும் சேர்ந்தாற்போல் சுருட்டிக்கொண்டன. சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, சரிந்தேன். ரோட்டோரம் மல்லாந்து கிடந்து, "மாதாவே மாதாவே" என்று கத்தினேன். பக்கத்து டீக்கடைப் பெண்மணி எட்டிப் பார்த்து, "கோயிலுக்குப் போறீங்களா, வர்றீங்களா?" என்றார்.

"வர்றோம்" என்றாள் மனைவி.

"அப்ப வேண்டுதல் பலிக்கலை போலிருக்கு."

மனைவி என் காலை நீட்டி மிதித்துவிட்டாள். அதில் தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. மகள் தலைமாட்டில் நின்றாள். நிழல் விழட்டும் என்று நிற்கிறாள் என நினைத்தேன். "அப்பா, மூணரை ஆச்சு" என்றாள். அழுகையில்லை, கோபமுமில்லை. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிற குரல்.

காட்டூர் வரை நொண்டி மிதித்தேன். அங்கே ஒரு குட்டியானை காலியாக நின்றிருந்தது. அந்தச் சின்ன லாரியின் முன்னால் மனைவி ஏறினாள். பின்னால் மூன்று சைக்கிள்கள், அவற்றைப் பிடித்துக்கொண்டு நானும் மகளும்.

"பால்பண்ணையிலேருந்து பைபாஸ்ல போயிடலாம்" என்று மனைவி ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"சுத்து அது! மார்க்கெட் வழியா விடுங்க தம்பி, நான் பொறந்து வளர்ந்த ஊரு."

டிரைவருக்கு எந்த வழியானாலும் சரி. விட்டார். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு வெங்காய லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னால் ஆட்டோ, பின்னால் பஸ், பக்கத்தில் தள்ளுவண்டி. மூட்டை தூக்குகிறவர்கள் மட்டும் இடுக்கில் புகுந்து போய்க்கொண்டிருந்தார்கள். சைக்கிளாயிருந்தால் புகுந்து போயிருக்கலாம். எங்களிடம் மூன்று சைக்கிள் இருந்தது. கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம்.

காலையிலிருந்து எதிர்த்த காற்று, அந்தச் சந்துக்குள் ஒரு துளி இல்லை.

மகளின் போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள். பேசியது அந்தப் பெண்ணில்லை, அவளுடைய அம்மா. "எங்கேம்மா இருக்கேள்? லாரிக்காரன் நிக்க மாட்டேங்கறான். இவர் வேற ராகுகாலத்துக்குள்ள வாசலைத் தாண்டிடக்கூடாதுன்னு இத்தனை நேரம் நிறுத்தி வெச்சிருந்தார். இதோ, முடிஞ்சதும் கிளம்பிடுவோம்மா."

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. இப்போது மணி ஆறாகப் போகிறது. எங்களுக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைத்திருக்கிறது. அதையும் நான் வெங்காய லாரிக்குப் பின்னால் நின்று செலவழித்துவிட்டேன்.

மகள் பல்லால் கயிற்று முடிச்சை இழுத்து அவிழ்த்தாள். சைக்கிளை இறக்கினாள். ஒரு மூட்டைக்காரர் பின்னாலேயே இடுக்கில் நுழைந்தாள். "பார்த்துப் போடி!" என்று மனைவி கத்தினாள். நானும் என் சைக்கிளை இறக்கிக்கொண்டு நொண்டினேன். "நீங்க எங்க போறீங்க? போய் இன்னும் என்ன கெடுக்கணும்?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. மிதித்தேன்.

காவேரிப் பாலத்தில் ஏறியபோது காற்று மறுபடி வந்தது. இப்போது பக்கவாட்டில். என்னைக் கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்து பஜ்ஜி தின்றது. தூரத்தில், பாலத்தின் முக்கால் பாகத்தில், மகள் தெரிந்தாள். எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் இருந்தவள், சுவர் இல்லாமல் இரண்டு மடங்கு வேகமாகப் போனாள்.

அப்போது எதிரே லாரி வந்தது. பீரோ, கட்டில், கவிழ்த்து வைத்த டைனிங் டேபிள், நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தபடி. மகள் சைக்கிளை நிறுத்தினாள். லாரிக்குப் பின்னால் கார். மகள் கையைத் தூக்கினாள். கூப்பிட்டாள் போலிருக்கிறது. காற்றில் எனக்குக் கேட்கவில்லை. கார் நிற்கவில்லை. அந்த நெரிசலில் நின்றிருக்கவும் முடியாது. என்னிடம் வந்தபோது முன்சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். பின்சீட்டில் அந்தப் பெண் இருந்தாள். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. முகத்தில் அழுகை ஒன்றும் இல்லை. என் சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை ஆட்டினேன். பல்லெல்லாம் தெரிய, மந்திரி காருக்கு ஆட்டுகிற மாதிரி. பழக்க தோஷம்.

பாலத்தைத் தாண்ட மாட்டாள் என்று என் மகள் சொன்ன பெண், தாண்டிப் போய்விட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மகள் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாவியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். போனை எடுத்து ஒருதரம் அடித்தாள். அந்தப் பெண் எடுக்கவில்லை. இன்னொருதரம் அடிக்கவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. சும்மா இருப்பது எனக்கு வராது.

"விடுடி. மதுரை என்ன அமெரிக்காவா? அடுத்த லீவுக்கு நாமளே கொண்டுபோய்க் குடுத்திடலாம்."

"சைக்கிள்லயா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா."

அந்தக் கியர் சைக்கிள் இப்போதும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. அதன் மேல் நான் துண்டு காயப்போடுவதில்லை.