கடலில் உப்பு கம்மி!

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அபார்ட்மென்ட் செயலாளர் வரதன் சார் ஓர் அறிவிப்பு செய்தார். வங்காள விரிகுடாவில் உப்பு குறைந்துவிட்டதாம்!

நான் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தேன். அவருடைய ஒரு கையில் பிளாஸ்டிக் கேன். மறு கையில் குட்டி டார்ச் மாதிரி ஒரு கருவி. முகத்தில்... கடலைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமிதம்.

"முப்பத்தஞ்சு இருக்கணும். முப்பத்தொண்ணுதான் காட்டறது. என்ன அநியாயம் பாருங்கோ!"

கோடை வெயில் கொளுத்துகிறது. மழை பெய்து பல மாதம் ஆகிறது. கடலில் யார் சார் தண்ணீர் கலந்திருப்பார்கள்? கேட்கவில்லை. வரதன் சாரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது... சர்க்குலர்தான் வரும்.

மந்தைவெளியில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் அபார்ட்மென்ட். வரதன் சார் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். ஆபீஸ் போனது, அதிகாரம் போகவில்லை. எங்களை ஆள்வது போதாதென்று, ஹாலில் கடல்நீர் மீன் தொட்டி ஒன்றும் வைத்துக்கொண்டார். ஆரஞ்சும் வெள்ளையுமாய் இரண்டு மீன்கள். அவர் மனைவி ஜெயா மாமி அவற்றுக்கு கோபு, கோமதி என்று பெயர் வைத்தார்.

கடல் மீனுக்குத் தண்ணீரில் உப்பு சரியாக இருக்க வேண்டும். அதை அளக்கத்தான் அந்தக் கருவி - ரிஃப்ராக்டோமீட்டர். நுனியில் சாய்வாக ஒரு கண்ணாடி. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, குமிழி வராமல் மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேருகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் உப்பு. நான்கூடப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

கருவி வந்த நாள் முதல் வரதன் சார் கீழே உட்காரவில்லை. பார்க்கிற தண்ணீரையெல்லாம் சொட்டு விட்டுப் பார்த்தார். ஒரு நாள் ஜெயா மாமி வைத்த ரசத்துக்கும் ஒரு சொட்டு போனது. "நாக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" என்று மாமி கரண்டியோடு வந்த பிறகுதான் விட்டார்.

அவர் அளக்காத தண்ணீர் ஒன்றே ஒன்று... எங்கள் போர் தண்ணீர்.

அது அவருடைய போர். அவர் ஆட்சியில், தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித் தோண்டியது. "ஸ்வீட் வாட்டர்!" என்று அன்று சொன்னவர், இன்று வரை அதிலிருந்து இறங்கவில்லை. பாத்ரூம் குழாய்களில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. பருப்பு வேக மறுக்கிறது. சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. தெருக் குழாய் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் சார் என்று மீட்டிங்குக்கு மீட்டிங் கேட்டோம். "ஷாம்பூவை மாத்திப் பாருங்கோ" என்பார்.

அடுத்த ஞாயிறு மீன் வாங்கப் பட்டினப்பாக்கம் போனேன். அங்கே வரதன் சார், அவருக்கு வாராவாரம் கடல்நீர் கொண்டுவந்து தரும் அந்தோணியை நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கம்மியா இருக்கேப்பா. எங்க எடுத்த?"

"இன்னா சார் இது? போட்ல போய் அல தாண்டி மொண்டாந்துகீறேன். கடல்தண்ணில உப்பு கம்மின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"கருவி சொல்றதுப்பா."

"மெதுவா பேசு சார். கடலு கேட்டுக்கினு கீது."

மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வரதன் சார் சிரிக்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, மீன் தொட்டிக்கென்றே விற்கிற உப்புப் பொடியை அதில் கொட்டிக் கலந்து, கருவி முப்பத்தைந்து காட்டிய பிறகே தொட்டியில் ஊற்றினார். கடலின் குறையைத் திருத்திய திருப்தி!

கோபுவுக்குத்தான் திருப்தியில்லை. தீனி தின்பதை நிறுத்தியது. கல்லுக்குப் பின்னால் போய் மூச்சு வாங்கியது. ஒரு நாள் சாயங்காலம் ஜெயா மாமி என் வீட்டுக் கதவைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது.

"வாயேன்டி, வந்து பாரேன். கோபு சாஞ்சுண்டே நீந்தறான். இவரானா மீட்டர் கரெக்டா இருக்குன்னு சொல்லிண்டிருக்கார்."

எனக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? குழம்பில் பார்த்ததுதான். இரண்டாவது மாடி ஸ்டெல்லா டீச்சரைக் கூப்பிட்டேன். பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்து ரிட்டயரானவர். பழைய மாணவர்கள் இன்றும் அவரைத் தெருவில் பார்த்தால் பின்பக்கச் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார்கள்.

டீச்சர் தொட்டியைப் பார்த்தார். உப்புப் பொடியைப் பார்த்தார். கருவியைக் கையில் எடுத்தார்.

"எந்தத் தண்ணியில சார் இதை ஜீரோ பண்ணீங்க?"

"அதெல்லாம் மொதல் நாளே பண்ணியாச்சு. ப்யூர் வாட்டர் விட்டு, ஸ்க்ரூவைத் திருப்பி, கோடு ஜீரோவுல வர்ற மாதிரி வெச்சேன்."

"ப்யூர் வாட்டர்னா?"

"நம்ம போர் தண்ணிதான்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய், எங்கள் வீட்டு இன்வர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேனைக் கொண்டுவந்தேன். ஒரு சொட்டு. கோடு பூஜ்யத்துக்கும் கீழே போய் நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே உப்பு... உலகத்தில் எங்காவது உண்டா?

"கேன்ல இருக்கறது டூப்ளிகேட்!" என்றார் வரதன் சார், நொடியில்.

பாருங்கள்... கடல் தப்பு, அந்தோணி தப்பு, இப்போது டிஸ்டில்டு வாட்டரும் தப்பு. போரைத் தவிர மற்ற எல்லாத் தண்ணீருமே குற்றவாளி!

ஜெயா மாமி பால்கனிக்குப் போனார். ஏசி பைப்பிலிருந்து சொட்டுகிற நீரை ஒரு டம்ளரில் பிடித்துவந்து கணவர் முன்னால் வைத்தார்.

"இது நம்மாத்து ஏசி. காத்துலேர்ந்து வர்ற ஜலம். இதுவும் டூப்ளிகேட்டா?"

அதே கோடு. அதே இடம்.

டீச்சர் ஸ்க்ரூவைத் திருப்பி, பூஜ்யத்தைப் பூஜ்யத்தில் வைத்தார். பிறகு கிச்சன் குழாயிலிருந்து ஒரு சொட்டு போர் தண்ணீர். கோடு நாலில் ஏறி நின்றது. உப்புப் பொடி கலக்காமல் இன்னொரு கேனில் மிச்சமிருந்த அந்தோணியின் கடல்நீர் - முப்பத்தைந்து. சுத்தமான, நேர்மையான முப்பத்தைந்து. தொட்டித் தண்ணீர் முப்பத்தொன்பது!

கதை இவ்வளவுதான். எங்கள் போரில் கடல் புகுந்துவிட்டது. அந்த உப்புத் தண்ணீரைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, மனிதர் கடலுக்கே மார்க் போட்டிருக்கிறார்.

வரதன் சார் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். "அப்போ கோபுவை... நான்தானா?" என்றார். சிரிக்கத் தயாராக இருந்த எனக்கே சிரிப்பு வரவில்லை.

"ஒரே நாள்ல கொறைக்கக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க" என்றார் டீச்சர். சேர்த்தார்கள். சில நாளில் கோபு நிமிர்ந்து நீந்தியது. வார இறுதியில், மாமி போட்ட தீனியை கோமதியிடமிருந்து பிடுங்கித் தின்றதாகத் தகவல் வந்தது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நாங்கள் இத்தனை பேர் இத்தனை நாள் கத்தியபோது அசையாதவர், ஒரு விரல் நீள மீன் சாய்ந்ததும் அசைந்தார். பதவியில் இருப்பவர்களிடம் முறையிட மனுக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. செதில் வேண்டும், வால் வேண்டும், கொஞ்சம் ஆரஞ்சு நிறமும் வேண்டும்.

மறுவார மீட்டிங்கில் தெருக் குழாய் இணைப்புக்கு விண்ணப்பிப்பதாக வரதன் சாரே எழுந்து அறிவித்தார். கைதட்டினோம். மன்னிப்புக் கேட்பாரோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். பேராசைதான்.

மறுநாள் காலை வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது: 'குடியிருப்போர் நலன் கருதி, செயலாளர் தாமே நேரடியாக மேற்கொண்ட விஞ்ஞானப் பரிசோதனையில் போர் நீரில் உப்பு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.' கூடவே ஒரு போட்டோ. கருவியைக் கண்ணில் வைத்தபடி வரதன் சார், மொட்டை மாடியில், சூரியனைப் பார்த்து!

கீழே வரிசையாகக் கைகூப்பு ஸ்மைலிகள். ஸ்டெல்லா டீச்சர் மட்டும், 'கண்ணு போயிடும் சார், வெயிலை நேராப் பாக்காதீங்க' என்று எழுதியிருந்தார்.

நானும் ஒரு கைகூப்பு போட்டேன். தண்ணீர் வர வேண்டுமே!