முந்நூற்று நாற்பது சொற்களுக்கு இரண்டு ஓனர்கள்

ஹைமாவதி ஓங்கோல்காரி. ஹைதராபாத்தில் ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியின் இறப்பு க்ளெய்ம் பிரிவில் இருபத்திரண்டு வருட வேலை. புருஷன் விட்டுப் போய்விட்டான். மகள் காலேஜில் படிக்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் வேறு எவனும் வேலை தரமாட்டான். இதை மறந்துவிட்டு அவளைத் திட்டுவது சுலபம்.

பிரிவில் ஆறு பேர். எந்த முடிவிலும் தனி ஆள் பெயர் போடமாட்டார்கள். 'இறப்புப் பிரிவு' என்றே எழுதுவார்கள். ஒரு க்ளெய்மில் தனியாகக் கையெழுத்துப் போட்ட புஜங்கராவை நிர்வாகம் பிடித்து வெளியே தள்ளிய நாளில் வந்த பழக்கம் அது. சங்கம் இல்லாத அந்த ஆபீஸில் சங்கம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

கம்பெனியின் தகவலெல்லாம் கிளவுடுக்குப் போனது. கூடவே ஒரு சொற்பட்டியல் கேட்டார்கள். நாமினி என்றால் யார், காணாமல்போனவன் எப்போது செத்தவன் ஆவான் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், அதற்குப் பொறுப்பாக ஒரு ஓனர். ஆறு பேரும் மூன்று மாதம் எழுதினார்கள். பாம்புக்கடி விபத்தா இல்லையா என்று மட்டும் இரண்டு நாள் சண்டை. ஓனர் கட்டத்தில் ஹைமாவதி வழக்கப்படி 'இறப்புப் பிரிவு' என்றே நிரப்பினாள்.

கான்ட்ராக்ட் இன்ஜினியர் இம்தியாஸ் எழுதிய புரோகிராம் அந்த முந்நூற்று நாற்பது சொற்களையும் நாலே நிமிடத்தில் ஏற்றிவிட்டது. மறுநாள் காலை அவன் ஹைமாவதியின் சீட்டுக்கு வந்தான்.

"அக்கா, வாங்க, டீ குடிக்கலாம்."

"என்னைக்கு நீ டீ வாங்கிக் குடுத்திருக்க? விஷயத்தச் சொல்லு."

"ஓனர் எடத்துல ஊழியர் நம்பர் வேணும். பிரிவுன்னு போட்டா புரோகிராமுக்கு ஆளே தெரியாது. ஆள் இல்லன்னா, யாரோட லாகின்ல ஓட்டுனமோ அவங்க பேரப் போட்டுக்கும். எல்லாமே இப்ப மேனேஜர் பேர்ல நிக்குது."

"அவ்வளவுதான? ஆறு பேருக்கும் பிரிச்சுத் தரேன். திரும்ப ஓட்டு."

"மேனேஜர் சொல்றாரு, ரெண்டு பேர்தான் போடணுமாம். யாருன்னு சாயந்திரத்துக்குள்ள நீங்களே எழுதணுமாம்."

"மத்த நாலு பேரு?"

இம்தியாஸ் தரையைப் பார்த்தான். "அடுத்த மாசம் ஆள் கொறைக்கறாங்க. ஓனரா இருக்கறவங்க மட்டும் மிச்சம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா, நானே கான்ட்ராக்ட்."

மதியம் டப்பாவைத் திறந்தபோது மற்ற ஐந்து பேரிடமும் சொன்னாள். கோங்குரா சாதம் அப்படியே கிடந்தது.

ரிட்டயராக இரண்டு வருடம் இருந்த வீரபத்ரம்தான் முதலில் வாயைத் திறந்தார். "எம்பேர செத்தவன் லிஸ்ட்ல போட்டுடும்மா. நம்ம கம்பெனியில அவனுங்களுக்குத்தான் ஒழுங்கா மரியாதை."

பத்மினி கையை உதறினாள். "எழுதாத ஹைமா. காலியா விடு. ஆறு பேரையும் அனுப்பிட்டா பாம்புக்கடிக்கு எவன்கிட்டப் போய்க் கேப்பான்?"

"அதான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டமேடி," என்றாள் ஹைமாவதி. "இனி நம்மகிட்ட கேக்க என்ன இருக்கு?"

பத்மினி டப்பாவை மூடினாள்.

ஐந்து மணிக்கு ஹைமாவதி இரண்டு நம்பர் எழுதினாள். ஒன்று பத்மினியுடையது, அவளுடைய குழந்தைகள் சின்னவர்கள். இன்னொன்று தன்னுடையது. காலியாக விட்டிருக்கலாம். விடவில்லை.

அடுத்த மாதம் வீரபத்ரத்தையும் மற்ற மூவரையும் ஒரே மணி நேரத்தில் அனுப்பினார்கள். லிஃப்ட் வரைக்கும் செக்யூரிட்டி கூடவே நடந்தான். பத்மினி வேறு மூலைக்கு சீட் மாற்றிக்கொண்டாள். "எம்பேரையும் போட்டு என்னையும் இதுல சேத்துட்டியே," என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது ஹைமாவதி தனியாகச் சாப்பிடுகிறாள். திங்கட்கிழமைதோறும் புரோகிராமிடமிருந்து மெயில் வரும்: உங்கள் நூற்று எழுபது சொற்களும் சரிதானா? எதையும் படிக்காமல் 'சரி' என்று அழுத்துகிறாள். அழுத்தாவிட்டால் ஓனர் கட்டத்திலிருந்து அவள் பெயர் போய்விடும்.