ஐஸ் விற்றவர் கேட்ட மன்னிப்பு

எண்பதுகளில், திருப்பூரில் எங்கள் பள்ளித் திடலின் வாயிலில் குச்சி ஐஸ் விற்றவரின் பெயரை நான் கேட்டதில்லை. மெலிந்த உடல், பார்வை எப்போதும் விளையாடுவோரின் கால்களிலேயே இருக்கும். எவரேனும் விழுந்தால், கழிவுப் பனியன் துணியில் பனிக்கட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவருவார்.

மாவட்டப் போட்டிக்கு முதல்நாள் எங்கள் தடையோட்ட மாணவிக்குக் கணுக்கால் பிசகியது. அணிக்குப் பொறுப்பேற்றிருந்த தமிழாசிரியனாகிய நான், எண்ணெயைச் சூடாக்கி உருவிவிடப் பணித்தேன்.

"உருவாதீங்க சாமி, வீக்கம் ஏறிப்போகும். ஐஸ் வெச்சுக் காலை உசத்தி வைங்க. நாளைக்கு ஓட வேண்டாமுங்க," என்றார் அவர்.

"ஐஸ் வண்டியில வைத்தியமும் விக்கறீங்களாக்கும்?" என்றேன். மாணவியர் நகைத்தனர்.

மறுநாள் அவள் காலை இறுகக் கட்டி ஓடவிட்டேன். மூன்றாம் தடையில் விழுந்தாள். அதன்பின் அவள் நொண்டாமல் நடந்து நான் கண்டதில்லை. அவ்வாண்டே பள்ளியை விட்டும் நின்றுவிட்டாள்.

போட்டிக்குப் பின் வேறு பள்ளி வாயிலுக்கு விற்கப் போய்விட்டிருந்த ஐஸ்காரர் அடுத்த ஆண்டு என்னை வழியில் நிறுத்தினார். "ஏனுங்க வாத்தியாரே, அந்தக் கண்ணு இப்ப ஓடுதுங்களா?"

"நல்லா ஓடறாளுங்க," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. மன்னிச்சுக்குங்க சாமி," என்று கைகூப்பினார்.